பாட்டுக் குரலுக்கு எந்த மைக்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்வது பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை மைக் பற்றியே கேட்டிருந்தன. பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளைத் தேர்ந்தெடுத்துப் பதிலளித்திருக்கிறேன்.

என் மகள் கர்நாடக சங்கீதம் கற்று வருகிறாள்; சுருதி ஐந்தரைக் கட்டை. அவள் பாடுவதை நல்ல முறையில் பதிவு செய்து வைக்க விரும்பிக் கடையில் விசாரித்தேன். ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் குறைந்த மைக்கில் ஸ்டுடியோ தரம் வராது என்றார்கள். எங்களிடம் கோயில் விழாவுக்காக வாங்கிய டைனமிக் மைக் ஒன்று இருக்கிறது. பதிவின் தரத்தில் மைக்கின் பங்கு உண்மையில் எவ்வளவு? (வாசகர், திருச்சி)

மைக்குக்குப் பங்கு உண்டு, ஆனால் அது நான்காவது இடத்தில் வருகிறது. பாடுபவர் முதலில், அவர் பாடும் அறை அடுத்தது, வாய்க்கும் மைக்குக்கும் இடையிலுள்ள தூரமும் கோணமும் அதற்கடுத்தது, அதன் பிறகே மைக். இந்த வரிசையில் முன்னால் இருப்பதில் உள்ள குறையைப் பின்னால் இருப்பதைக் கொண்டு ஈடுகட்ட முடியாது என்பதால், கையிலுள்ள பணத்தையும் உழைப்பையும் இதே வரிசையில் செலவிடுவதே முறை.

உங்கள் மகளின் குரலையே எடுத்துக்கொள்வோம். ஐந்தரைக் கட்டையில் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் ஏறத்தாழ 208 ஹெர்ட்ஸ். மந்திர ஸ்தாயி பஞ்சமம் 156 ஹெர்ட்ஸிலும் தார ஸ்தாயி பஞ்சமம் 622 ஹெர்ட்ஸிலும் இருக்கும். ஸ்வரங்களின் அடிப்படை அதிர்வுகள் இந்தக் குறுகிய எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. குரலின் தனித்தன்மையைத் தரும் மேலதிர்வுகளில் முக்கியமானவை 5,000 ஹெர்ட்ஸுக்குள்ளும், ச, ஸ, ஷ போன்ற எழுத்துகளின் உரசல் ஒலி பெரும்பாலும் 10,000 ஹெர்ட்ஸுக்குள்ளும் வந்துவிடும். மேடைகளில் உலகெங்கும் பயன்படும் ஷூர் எஸ்எம்58, 1966-ல் வந்த டைனமிக் மைக். அது 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை வாங்குகிறது. குரலுக்கு வேண்டியது ஏறக்குறைய முழுவதும் அதற்குள் இருக்கிறது. விலை உயர்ந்த மைக் இதற்கு மேலும் சில நுட்பங்களைத் தருகிறது என்பது உண்மை. ஆனால் அந்த நுட்பங்கள் காதில் விழுவதற்கு முதலில் அறை இடம் கொடுக்க வேண்டும்.

இதற்கு எல்லோரும் அறிந்த சான்று ஒன்று உண்டு. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' தொகுப்பு 1982-ல் வெளிவந்தது. அதன் ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன், விலைமதிப்பற்ற கண்டென்சர் மைக்குகள் (இந்த வகைக்கும் டைனமிக் வகைக்கும் உள்ள வேறுபாடு அடுத்த பதிலில்) பலவற்றைத் தன்வசம் வைத்திருந்தவர். ஆனாலும் முதன்மைக் குரலுக்கு அவர் தேர்ந்தெடுத்தது ஷூர் எஸ்எம்7 என்ற டைனமிக் மைக்கை. வானொலி அறிவிப்பாளர்கள் பயன்படுத்தும் அந்த மைக்கின் விலை, ஸ்டுடியோக்களில் இருந்த ஜெர்மானியக் கண்டென்சர் மைக்குகளின் விலையில் ஒரு சிறு பகுதிதான். எந்த மைக்கும் போதும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒலி நன்கு அடக்கப்பட்ட ஸ்டுடியோ அறை, அப்படிப்பட்ட பாடகர், பயிற்சி பெற்ற ஒலிப்பதிவாளர் ஆகிய மூன்றும் ஏற்கெனவே அமைந்திருந்ததால், அந்தக் குரலுக்குப் பொருந்திய மைக் எது என்ற ஒரே கேள்விதான் அங்கே எஞ்சியிருந்தது.

நம் வீடுகளில் எஞ்சியிருப்பது வேறு கேள்வி. சிமென்ட் சுவர்களும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில் குரல் நேராக மைக்கை அடைவதோடு, மேசையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பியும் சற்றுத் தாமதமாக மீண்டும் வந்து சேர்கிறது. திரும்பி வரும் ஒலி 34 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்திருந்தால் அது 1 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். அப்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் ஆகிய இடங்களில் நேரொலியும் எதிரொலியும் ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளும். குரலில் ஒரு பொந்து விழுந்தது போல, டப்பாவுக்குள் பாடுவது போலக் கேட்பதற்கு இதுவே காரணம். பாட்டு நோட்டை வைக்கும் தாங்கியும் சுருதிப்பெட்டி வைத்த மேசையும்கூட இதைச் செய்துவிடும். மைக்கை மாற்றினால் இது மாறாது, ஏனென்றால் நல்ல மைக் இந்தப் பொந்தையும் உண்மையாகவே பதிவு செய்யும்.

ஆகவே, செலவில்லாத வேலையை முதலில் செய்யுங்கள். இலவம்பஞ்சு மெத்தை இரண்டைப் பாடுபவரின் முதுகுப் பக்கம் நிறுத்துங்கள். மைக்குக்குப் பின்னால் வைப்பதே சரி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் முன்பக்க ஒலியையே வாங்கும் கார்டியாய்டு வகை மைக் பார்த்துக்கொண்டிருப்பது பாடுபவரையும் அவர் பின்னால் இருக்கும் சுவரையும்தான். தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். அறையின் மூலையிலும் நட்ட நடுவிலும் பாடுவதைத் தவிருங்கள். சுவர்களில் முட்டை அட்டை ஒட்டுவது வீண். அந்த மெல்லிய அட்டை உச்ச ஒலியில் சிறிதளவை உறிஞ்சுமே தவிர, குரலின் நடுப்பகுதியைத் தொடாது. இவற்றைச் செய்துவிட்டு, இருக்கும் டைனமிக் மைக்கை ஒரு நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) இணைத்து ஒரு கீர்த்தனை பதிவு செய்து கேளுங்கள். புது மைக் வேண்டுமா என்பதை அந்தப் பதிவைக் கேட்ட பிறகு முடிவு செய்யலாம்.

கண்டென்சர் மைக் அறையின் சத்தத்தையெல்லாம் இழுத்துவிடும், வீட்டுக்கு டைனமிக் மைக்தான் சரி என்கிறார்கள். உண்மையா? என் வீடு பேருந்துச் சாலையை ஒட்டி இருக்கிறது. (வாசகர், மதுரை)

பாதி உண்மை; மீதிப் பாதி தவறான விளக்கம். இந்த விளக்கத்தை நம்பி மைக் வாங்குகிறவர்கள் பலர் இருப்பதால் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

டைனமிக் மைக்கில் ஒலி பட்டு அசையும் படலத்தோடு ஒரு கம்பிச்சுருள் ஒட்டியிருக்கும். அது காந்தத்தின் நடுவே அசைவதால் மின்சாரம் பிறக்கிறது. கண்டென்சர் மைக்கில் கம்பிச்சுருள் இல்லை; மிக மெல்லிய படலம் மட்டும் ஒரு தகட்டின் முன் அசைகிறது. எடை குறைவு என்பதால் அது நுண்ணிய ஒலிக்கும் விரைவாக அசையும். உள்ளேயே ஒரு மின்பெருக்கி இருப்பதால் வெளிவரும் மின்னழுத்தமும் அதிகம். ஒரே அளவு ஒலியழுத்தத்துக்கு எஸ்எம்58 தருவது 1.85 மில்லிவோல்ட், நியூமன் யூ87 ஏஐ என்ற கண்டென்சர் மைக் கார்டியாய்டு நிலையில் தருவது 28 மில்லிவோல்ட், அதாவது ஏறக்குறைய 15 மடங்கு. இதனால் கண்டென்சர் மைக்கைப் பொருத்தியவுடன் மின்விசிறியின் ஓசையும் சாலை இரைச்சலும் பளிச்சென்று கேட்கின்றன. ஆனால் குரலும் அதே 15 மடங்கு கூடித்தான் கேட்கிறது. இரண்டு மைக்குகளும் ஒரே தூரத்தில், ஒரே திசைப் பாங்கோடு இருந்து, குரலின் அளவைச் சமமாக்கிவிட்டுக் கேட்டால், குரலுக்கும் அறைச் சத்தத்துக்கும் இடையிலான விகிதம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்.

பிறகு ஏன் டைனமிக் மைக்கில் அறை குறைவாகக் கேட்கிறது? அதை நாம் உதட்டருகே வைத்துப் பாடுகிறோம். கண்டென்சர் மைக்கை ஓர் அடி தள்ளி வைக்கிறோம். தூரம் பாதியாகும்போதெல்லாம் குரலின் நேரொலி 6 டெசிபல் கூடும். 30 சென்டிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டருக்கு வந்தால் குரல் 15 டெசிபலுக்கு மேல் உயர்ந்துவிடும். அறையின் சத்தமோ இருந்த அளவிலேயே இருக்கும். வேலையைச் செய்தது தூரம். பெயர் மைக்குக்குக் கிடைத்தது. இதோடு, கண்டென்சர் மைக் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் கூர்மையாக வாங்குவதால் மின்விசிறியின் 'உஸ்' ஓசை அதில் சற்றுத் தெளிவாகப் பதியும் என்பது மட்டுமே மெய்யான வேறுபாடு.

உங்களுக்கு என் பரிந்துரை, பாடும் முறையைப் பொறுத்தது. குரலை உயர்த்தி, மைக்கை ஒட்டிப் பாடுபவர் என்றால் டைனமிக் போதும். மெல்லிய குரலில் ஆலாபனை செய்பவர் என்றால் கண்டென்சர் வாங்கி, 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து, பின்னால் மெத்தையை நிறுத்திப் பாடுங்கள். மெல்லிய குரலுக்கு டைனமிக் மைக்கைத் தள்ளி வைத்தால் இன்டர்ஃபேஸின் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) எல்லைவரை திருக வேண்டியிருக்கும். அப்போது அதன் உள்ளிருக்கும் ப்ரீ-ஆம்ப் என்ற பெருக்கியின் சொந்த இரைச்சல் பாட்டுக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பேருந்து ஹார்னைத் தடுக்கும் மைக் எதுவும் இல்லை. சாலைப் பக்கமில்லாத உள் அறையையும் பேருந்துகள் ஓயும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பதே வழி.

என்னிடம் இருப்பதும் என் தோழியிடம் இருப்பதும் ஒரே கண்டென்சர் மைக். அவள் பாடினால் இனிமையாக இருக்கிறது. நான் மேல் ஸ்தாயிக்குப் போனால் காதைக் குத்துகிறது. ஆசிரியர் நேரில் கேட்கும்போது அப்படி எதுவும் சொல்வதில்லை. குறை என் குரலிலா? (வாசகி, கோவை)

நேரில் கேட்கும் ஆசிரியருக்குக் குத்தவில்லை என்றால் குரலில் குறை தேட வேண்டாம். மைக் தேர்வு உண்மையாகவே முக்கியமாகிற இடம் இதுதான்.

ஒவ்வொரு மைக்கும் சில அதிர்வெண்களைத் தூக்கியும் சிலவற்றைத் தணித்தும் வாங்கும். நியூமன் நிறுவனம் 1960-ல் யூ67 என்ற மைக்கை வெளியிட்டது. கே67 என்ற அதன் படலப் பகுதி உச்ச ஒலிகளைத் தூக்கி வாங்கும்படி அமைக்கப்பட்டது. அந்தத் தூக்கலை உள்ளிருக்கும் மின்சுற்று திரும்பத் தணித்துவிடும். படலமும் சுற்றும் சேர்ந்தால்தான் அந்த மைக்கின் சமநிலை. பின்னாளில் வந்த மலிவு விலைக் கண்டென்சர் மைக்குகளில் பல, இதே படல அமைப்பை எடுத்துக்கொண்டு, தணிக்கும் சுற்றை விட்டுவிட்டன. அதனால் அவற்றில் உச்ச ஒலி பிதுங்கி நிற்கிறது. உங்கள் தோழியின் குரல் இயல்பிலேயே சற்று மங்கலாக, அடர்த்தியாக இருந்தால் அந்தப் பிதுக்கம் அவருக்குத் தெளிவைச் சேர்க்கும். கணீரென்ற குரல் உடைய உங்களுக்கோ, ஏற்கெனவே பிரகாசமாக இருக்கும் இடத்தில் மேலும் விளக்கு ஏற்றியது போலாகிவிடும்.

மைக்கை விற்றுவிடுவதற்கு முன் அதன் இடத்தை மாற்றிப் பாருங்கள். வாய்க்கு நேராக இருப்பதை மூக்கின் உயரத்துக்கோ பக்கவாட்டுக்கோ சற்று நகர்த்தி, அது உங்கள் கன்னத்தைப் பார்க்கும்படி வையுங்கள். உச்ச ஒலிகள் வாய்க்கு நேரே அம்பு போலச் செல்பவை என்பதால் விலகிய கோணத்தில் அவை குறையும். 'ப' என்று பாடும்போது காற்று மோதி எழும் 'தம்' ஓசையும் இதனாலேயே பெரும்பாலும் நீங்கும். மீதிக்கு, மைக்கின் முன் வைக்கும் பாப் ஃபில்டர் என்ற வலைத் திரை போதும். தார ஸ்தாயிக்குப் போகும்போது தலையைச் சற்றுப் பின்வாங்கப் பழகுங்கள். அனுபவப்பட்ட பாடகர்கள் அனைவரும் செய்வது இது. கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு கலை என்றே நான் மதிக்கிறேன். ஆனால் அதிகம் விலகினால் குரலின் அடிக்கனமும் போய்விடும். கார்டியாய்டு மைக்குகளில் நெருக்கம் கூடக் கூடத் தாழ்ந்த ஒலிகள் பெருகும் என்பதால், தூரத்தை மாற்றுவது குரலின் நிறத்தையே மாற்றுவதாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் குத்தினால், ஒரு டைனமிக் மைக்கையோ, உச்ச ஒலியை மென்மையாகத் தணித்து வாங்கும் ரிப்பன் மைக்கையோ இரவல் வாங்கிப் பாடிப் பாருங்கள். இப்போதுள்ளதை விட விலை குறைந்த ஒன்று உங்களுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தக்கூடும்.

மைக்கே வாங்காமல் கைப்பேசியில் பதிவு செய்தால் என்ன? (வாசகர், திண்டுக்கல்)

சாதகத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்வதற்குப் போதும். கைப்பேசியின் மைக்கை விட, அதிலுள்ள செயலியே பெரும் இடையூறு: குரல் உயர்ந்தால் அளவைத் தானாகக் குறைத்து, தாழ்ந்தால் கூட்டி, நீங்கள் உழைத்துக் கொண்டுவந்த ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கிவிடும். இரைச்சல் நீக்கும் வசதி இயங்கினால், இடைவிடாமல் ஒலிக்கும் தம்பூராவை இரைச்சல் என்று எண்ணி அழித்துவிடும். இவற்றை அணைக்க இடம் தரும் பதிவுச் செயலியைத் தேர்ந்தெடுங்கள்.

பழைய பதிவுகளில் பாடகர்களின் குரலில் இருந்த கனம் இன்றைய பதிவுகளில் இல்லை. அந்தக் கால மைக்குகள்தான் காரணமா? அவற்றைத் தேடி வாங்குவதில் பயன் உண்டா? (வாசகர், யாழ்ப்பாணம்)

ஒரு பங்கு காரணம். 1925-க்கு முன் இசைத்தட்டுப் பதிவில் மைக்கே கிடையாது. பெரிய கூம்புக் குழலுக்குள் பாடகர் உரக்கப் பாட வேண்டும், அந்த ஒலியின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். மின்வழிப் பதிவு வந்ததும் அமெரிக்காவில் பிங் கிராஸ்பி போன்றவர்கள் தாழ்ந்த குரலில், கேட்பவரின் காதருகே பேசுவதைப் போலப் பாட முடிந்தது. மைக் ஒரு பாடும் முறையையே உருவாக்கிய சந்தர்ப்பம் அது. 1930-களில் பரவிய ஆர்சிஏ 44 போன்ற ரிப்பன் மைக்குகள், நெருங்கிப் பாடினால் அடிக்கனத்தை வெகுவாகக் கூட்டின. உச்ச ஒலியில் மென்மையாக இருந்தன. 1949-ல் வந்த நியூமன் யூ47 வால்வுக் கண்டென்சர், பிராங்க் சினாட்ராவின் குரலோடு சேர்த்தே பேசப்படுகிறது.

ஆனால் பல தடங்களில் தனித்தனியே பதிவு செய்யும் வசதி வருவதற்கு முன், பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் பாடி வாசித்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. யார் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்பதே ஒலிக்கலவை. கூடத்தின் ஒலி குரலோடு கலந்தே பதிந்தது. பிழையானால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால் ஒத்திகையும் கவனமும் கூடின. அந்தக் கனத்தில் பெரும்பங்கு இவற்றுக்கு உரியது என்பது என் உறுதியான கருத்து.

தூரத்துக்கு இருக்கும் ஆற்றலுக்குப் பிற்காலச் சான்றும் உண்டு. 1977-ல் பெர்லினின் ஹன்சா ஸ்டுடியோவில் டேவிட் போவியின் 'ஹீரோஸ்' பாடலைப் பதிவு செய்தபோது அதன் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி மூன்று மைக்குகளை வைத்தார்: ஒன்று முகத்தருகே, மற்றது ஏறத்தாழ 20 அடியில், மூன்றாவது ஏறத்தாழ 50 அடியில். குரல் உயர்ந்தால் மட்டுமே தொலைவிலுள்ளவை திறக்கும்படி அமைத்ததால், பாடகர் கத்தக் கத்தக் கூடமே விரிந்துகொண்டு போவது கேட்கிறது. அந்த விரிவு, மைக்குகளை நிறுத்திய இடத்திலிருந்தும் பெரிய கூடத்திலிருந்தும் வந்தது. பழைய மைக்கைத் தேடி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றின் பராமரிப்பு கடினம், உதிரிப் பாகங்களும் அரிது.

இரண்டு மைக்குகளைக் கடையில் ஒப்பிடுவது எப்படி? (வாசகி, சென்னை)

ஒருவரே, ஒரே இடத்தில் நின்று, ஒரே தூரத்தில், அவர் வழக்கமாகப் பாடும் பாட்டையே பாட வேண்டும். முடிந்தால் இரண்டு மைக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள். மறுமுறை பாடும்போது பாட்டே மாறிவிடும். கேட்பதற்கு முன் இரண்டின் ஒலியளவையும் சமமாக்குவது மிக முக்கியம், ஏனென்றால் சற்று உரக்கக் கேட்பதே நல்லது என்று காது நம்பிவிடும். எது எந்த மைக் என்று தெரியாதபடி வேறொருவரைப் போடச் சொல்லிக் கேளுங்கள். தாழ்ந்த ஸ்வரங்கள், அகாரத்தில் பிருகா, 'ச' வரும் சொற்கள் ஆகிய மூன்றிலும் தனித்தனியே கவனம் வையுங்கள்.

வேறுபாடு பொதுவான மங்கல் அல்லது பிரகாசம் மட்டும் என்றால் அதை ஈகியூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியில்) பிறகு சரிசெய்துகொள்ளலாம். அதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம். மைக்கின் சொந்த இரைச்சலையும், உரக்கப் பாடும்போது எழும் கரகரப்பையும், முகம் சற்றுத் திரும்பியதும் குரலின் நிறம் திடீரென்று மாறுவதையும் பிறகு திருத்துவது மிகக் கடினம். விலை கூடிய மைக் இந்த மூன்றிலும் மேலாக இருந்தால் மட்டும் அந்த விலைக்குப் பொருள் உண்டு.

கண்டென்சர் மைக்கில் மழைக்காலத்தில் மட்டும் 'பட்பட்' என்று வெடிக்கும் ஓசை வருகிறது. கடற்கரையை ஒட்டிய வீடு. மைக் கெட்டுவிட்டதா? (வாசகர், நாகப்பட்டினம்)

பெரும்பாலும் கெட்டிருக்காது. கண்டென்சர் மைக்கின் படலத்தில் தேங்கும் மின்னேற்றம் மிகச் சிறியது. ஈரம் படிந்தால் அது கசிந்து இந்த ஓசை எழும். பதிவு முடிந்ததும் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவிடாமல், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பொட்டலத்தை அவ்வப்போது உலர்த்தியோ மாற்றியோ வர வேண்டும். பாடுபவரின் எச்சில் படாமலிருக்கப் பாப் ஃபில்டரை எப்போதும் பயன்படுத்துங்கள். ஏசி அறையிலிருந்து ஈரமான அறைக்குக் கொண்டுவந்தால் உடனே இயக்காமல் அரை மணி நேரம் பொறுங்கள். குளிர்ந்த உலோகத்தில் நீர் பூக்கும். வெயிலில் காயவைக்கவோ ஹேர் டிரையரால் ஊதவோ வேண்டாம், படலம் பழுதாகிவிடும். இரண்டொரு நாள் டப்பாவில் வைத்த பிறகும் ஓசை நீங்கவில்லை என்றால் வேறு கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்போதும் தொடர்ந்தால் மட்டுமே பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். டைனமிக் மைக்கில் இந்தத் தொல்லை இல்லை என்பதால், மழை மாதங்களில் பதிவு செய்தே ஆக வேண்டியவர்கள் அதையும் ஒன்று கைவசம் வைத்திருப்பது நல்லது.